ஆறாவது மூக்கு

டிசம்பர் 3, புதன்

ஒரு வழியா ஆறு சென்சாரும் கட்டி முடிச்சாச்சு. கையெல்லாம் உமித் தூசி, தலையெல்லாம் ஒட்டடை. கோயம்புத்தூர் லேப்ல வெள்ளைக் கோட்டு போட்டு, செருப்பைக் கழட்டி வச்சு, மூச்சைக்கூட மெதுவா விட்டு செஞ்ச சாமான். அதை சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில ஏணி போட்டுக் கட்டணும்னு என் தலையில எழுதியிருக்கு. எங்க ஊர் கோவில்பட்டியில சொன்னா சிரிப்பாங்க.

பண்ணைக்காரர் பேர் குழந்தைவேல். நாற்பத்திரெண்டு வயசிருக்கும். கழுத்துல துண்டு, கையில எப்பவும் ஒரு வாளி. சென்சாரைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

“இது என்னங் மேடம் பண்ணும்?”

“கோழி எச்சத்துல இருந்து அம்மோனியா வருதுல்லா? அதைப் புடிச்சு எவ்வளவுன்னு நம்பர் சொல்லும்.”

“அப்ப மூக்குன்னு சொல்லுங்.”

நானோ துத்தநாக ஆக்சைடு வாயு உணரின்னு அஞ்சு வருஷம் மூச்சுப் பிடிச்சு நான் சொன்னதை அந்த மனுஷன் ஒரு வார்த்தையில முடிச்சிட்டார். சரி, மூக்குதான். அஞ்சு மூக்கு குஞ்சு உசரத்துக்குச் சுவரோரமா. ஆறாவது மேலே விட்டத்துல. அதுக்கு ஏறினா எனக்குக் கால் நடுங்கும், அதனால அதை அவரே துடைச்சுப் பாத்துக்கிறேன்னு ஒத்துக்கிட்டார். மத்த அஞ்சும் என் பொறுப்பு. தினம் காலையில மூக்கை மூடியிருக்குற சின்ன வலையில இருந்து தூசியை பிரஷ்ஷால தட்டணும், அவ்வளவுதான்.

டிசம்பர் 5, வெள்ளி

குஞ்சு வந்திருச்சு. ஐயாயிரம்! பெட்டியைத் திறந்து விட்டதும் மஞ்சளா ஓடி, பல்புக்குக் கீழே போய் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க. கொஞ்ச நேரம் வேலையை மறந்து நின்னேன். பண்ணையில வேலை பாக்குற பாவாயி அக்கா, “அம்மிணி, மிதிச்சுப் போடாதீங்க”ன்னு கத்தினதும்தான் நினைப்பு வந்தது.

குழந்தைவேல் இன்னைக்குக் கொஞ்சம் பேசினார். போன மார்கழியில குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் படுதாவை இழுத்து மூடிட்டாராம். உள்ள வாயு சேந்து குஞ்சுக்கெல்லாம் கண் போச்சு. பாதிக்கு மேல செத்துப் போச்சு. படுதாவைத் தொறந்தா குளிர்ல சாகும், மூடினா வாயுவுல சாகும். எப்போ தொறக்கணும்னு தெரியாமத்தான் போச்சுன்னார்.

“இந்த ஒரு ஈடு குஞ்சு வளத்துப் பாக்கறனுங். இதுவும் போச்சுன்னா கொட்டகையப் பூட்டிப்போட்டு மச்சானோட ரிக் வண்டில ஏறிக்கறது. சத்தீஸ்கர்ல போர் போடக் கூப்பிட்டுட்டே இருக்கறாப்ல. போனா வருசத்துக்கு ஒருக்கா வந்தாத்தானுங்.”

“வாயு இருபத்தஞ்சைத் தாண்டினா படுதாவைத் தூக்குங்க. மூக்கு சொல்லும்”னேன்.

“உங்க மூக்கு என்ன சொல்லுதோ அதுப்படிதானுங்.”

இவ்வளவு நம்பிக்கையை யாரும் என்கிட்ட குடுத்ததில்லை. பயமா இருக்கு.

டிசம்பர் 9, செவ்வாய்

அளவு நாலு, அஞ்சு, நாலு, நாலு, அஞ்சு, மேலே அஞ்சு. ஆறு மூக்கும் ஒத்துப் பேசுது. மதியம் குழந்தைவேல் வீட்டுப் பச்சப்பயிறு கடைசல். காரம் தூக்கல். ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

பாவாயி அக்கா வாய் சும்மா இருக்காது. “எங்க பண்ணைக்காரருக்கு எத்தனை எடத்துல பொண்ணு கேட்டாச்சு தெரியுமுங்களா அம்மிணி? தங்கமான மனுசன். கோழி நாத்தம்னு ஒருத்தியும் வரமாட்டேங்கறா.”

எனக்கென்ன வந்தது? நான் வந்தது அம்மோனியா அளக்க.

டிசம்பர் 13, சனி

நாமக்கல் போனேன். பேட்டரி, பஞ்சு, பிரஷ் வாங்கினேன். அப்படியே முடிக்குப் போடுற சீரம் ஒரு பாட்டில். கொட்டகைத் தூசியில முடி சிக்கு விழுந்து சீப்பே இறங்க மாட்டேங்குது, அதனாலதான். கடைக்காரப் பொண்ணு, “எண்ணெய்ப் பிசுக்கே இருக்காதுக்கா, சும்மா பட்டு மாதிரி நிக்கும்”னா. நிக்கட்டும். முப்பத்தொம்பது வயசு வரைக்கும் தேங்காயெண்ணெயைத் தடவி இறுக்கிப் பின்னிக்கிட்டே திரிஞ்சாச்சு.

வேலை வசதிக்குத்தான் வாங்கினேன்.

டிசம்பர் 15, திங்கள்

இன்னைக்குப் பின்னல் போடலை. மேல ஒரு கிளிப், கீழ விட்டுட்டேன். தலை காய வசதி. பாவாயி அக்கா பாத்ததும் முகவாயில கை வச்சுக்கிட்டா. “ஏனுங் அம்மிணி, தலை மினுமினுங்குது? சினிமாக்காரியாட்ட!”

குழந்தைவேல் வந்தார். பாத்தார். மூணாம் மூக்குக்குப் பக்கத்துல நின்னேன், அதைத்தான் பாத்திருப்பார்.

டிசம்பர் 18, வியாழன்

மார்கழி பிறந்து ரெண்டு நாள். காலையில பஸ் விட்டு இறங்கினா கொல்லிமலையைக் காணோம். மலை இருந்த இடத்துல வெறும் வெள்ளை. வரப்புல நடக்கிற என் காலே எனக்குத் தெரியலை. படுதாவை ஒதுக்கிக் கொட்டகைக்குள்ள நுழைஞ்சா அது வேற உலகம். மஞ்ச பல்பு வெளிச்சம், இளஞ்சூடு, உமி வாசம், ஐயாயிரம் குஞ்சும் சேந்து தூக்கத்துல முனகுற மாதிரி ஒரு சத்தம். சின்னச் சின்ன இறகு காத்துல மிதந்துக்கிட்டே இருக்கு, கீழ விழுறதே இல்லை.

ஒவ்வொரு மூக்கா குனிஞ்சு தூசி தட்டினேன். முடி முன்னால வந்து விழுது. ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கிட்டே தட்டினேன். அப்புறம் நாற்காலியில சாஞ்சவ அப்படியே தூங்கிப் போனேன் போல.

கனவு வந்தது. மைக்ராஸ்கோப்புல எங்க துத்தநாக ஊசிகளைப் பாத்தா கோரைப்புல்லு நெருக்கமா வளந்த மாதிரி இருக்கும். ஒரு தலைமுடியோட அகலத்துல ஆயிரம் ஊசி. கனவுல நான் அந்தக் கோரைக்காட்டுக்குள்ள நடக்கேன். ஊசி எல்லாம் என் தலைக்கு மேல பனைமரம் உசரம். தூரத்துல யாரோ வாளியோட போறாங்க. கூப்பிடணும், பேர் வர மாட்டேங்குது. வாயைத் திறந்தா இறகா வருது.

முழிச்சப்போ மேசை மேல ஒரு டம்ளர் டீ, ஆறாம இருக்கத் தட்டு வச்சு மூடியிருந்தது. யார் வச்சான்னு கேக்கலை. கேட்டா சொல்லிடுவாங்களோன்னு இருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

“கண்ணு கரிக்குதுங் மேடம்”னு குழந்தைவேல் துண்டால துடைச்சுக்கிட்டார். நம்பரைப் பாத்தேன். அஞ்சு மூக்கும் ஆறு, ஏழுன்னு காட்டுது. நல்ல அளவு. கொட்டகைக்கு வெளியில பாவாயி அக்கா பச்சை விறகு வச்சு வெந்நி காய்ச்சிக்கிட்டிருந்தா. “அந்தப் புகைதான்”னேன். “அப்படிங்களா? சரிங்”னு படுதாவை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டினார். ராத்திரி நல்ல குளிராம்.

மேல இருக்குற ஆறாவது மட்டும் பதினெட்டு. சூடான காத்து மேல போகும்ல.

டிசம்பர் 24, புதன்

ஆறாவது மூக்கு இன்னைக்கு முப்பத்தொண்ணு காட்டுது. கீழ அஞ்சும் ஆறைத் தாண்டலை. அம்பிகாபதி சாருக்குப் போன் போட்டேன். எங்க லேப்ல அவர்தான் பெரியவர். “அஞ்சு ஒண்ணு சொல்லுது, ஒண்ணு வேற சொல்லுதுன்னா எதும்மா தப்பு? உமித்தூசி ஏதும் உள்ள போயிருக்கும். கழட்டி வை, அப்புறம் பாக்கலாம்”னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

குழந்தைவேல் ஏணி ஏறிக் கழட்டிக் குடுத்தார். சொம்பு விளக்கி வச்ச மாதிரி சுத்தமா இருந்தது. தினம் ரெண்டு வேளை துடைச்சாராம். “என்னோடதுதான் கெட்டுப் போச்சுங்களா?”ன்னு கேட்டப்போ முகம் சின்னதாயிருச்சு. “உங்க மேல தப்பில்லை”னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்.

டிசம்பர் 27, சனி

இப்பல்லாம் கொட்டகைக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் நின்னா கண்ணு கலங்குது. குறிப்பா அவர் பக்கத்துல நின்னு பேசினா. இன்னைக்கு அவர் தங்கச்சி கல்யாணக் கதையைச் சொன்னார், சிரிப்புக் கதைதான், எனக்கு என்னமோ பொலபொலன்னு கொட்டுது. அவருக்கும் கண்ணு சிவந்திருந்தது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பித் துடைச்சுக்கிட்டோம். என்ன கூத்து இது!

தலை லேசா கிறுகிறுன்னு இருக்கு. தூக்கத்துலயே நடக்கிற மாதிரி. பசி இல்லை. இதுக்குப் பேர் என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

லீவு. தங்கியிருக்குற லேடீஸ் ஹாஸ்டல்ல துணி துவைச்சேன். இன்னைக்குக் கண்ணும் கலங்கலை, தலையும் சுத்தலை. ஏனோ சப்புன்னு இருந்தது.

டிசம்பர் 30, செவ்வாய்

இன்னைக்கே எழுதிடணும்.

காலையில ஒரு குஞ்சு என் செருப்பு மேல வந்து ஏறி நின்னுச்சு. ஓடலை. கையில எடுத்தா ரெண்டு கண்ணும் ஒட்டியிருக்கு. இறக்கையால கண்ணைத் தேய்க்குது, தேய்க்குது, திறக்க முடியலை. கீழே பாத்தா மூலையில நூறு, இருநூறு குஞ்சு அப்படியே குன்னிப் போய் நிக்குதுங்க. நம்பர் என்னன்னா ஆறு. அஞ்சு மூக்கும் ஆறு!

பையில சோதனைக்குன்னு கொண்டுவந்த அம்மோனியா சொட்டு பாட்டில் இருந்தது. ஒண்ணாம் மூக்குக்கு நேரா மூடியைத் திறந்து புடிச்சேன். ஆறு. ரெண்டாவது, ஏழு. எனக்கு மூச்சு முட்டி இருமல் வருது, அது அசையலை. மூணு, நாலு, அஞ்சு, எதுவுமே அசையலை. அஞ்சும் செத்துப்போன மூக்கு. மேசை டிராயர்ல கிடந்த ஆறாவதை எடுத்து ஒயரைச் சொருகினேன். பாட்டிலைப் பக்கத்துல கொண்டுபோகவே இல்லை. எடுத்த எடுப்புல ஐம்பத்தெட்டு!

“படுதாவைத் தூக்குங்க! எல்லாத்தையும் தூக்குங்க!”ன்னு கத்தினேன். வாளியைப் போட்டுட்டு ஓடி வந்தார். பாவாயி அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கயித்தை இழுத்து இழுத்து என் உள்ளங்கை தோல் போச்சு. பனிக்காத்து ஒரே வீச்சா உள்ள வந்தது. குஞ்சு எல்லாம் ஒண்ணா ஒரு சத்தம் போட்டுச்சு பாரு, அதைக் காதை விட்டு எடுக்க முடியலை.

அவர் அன்னைக்கே சொன்னார், கண்ணு கரிக்குதுன்னு. புகைன்னு சொன்னது நான்.

டிசம்பர் 31, புதன்

ஈர உமியை அள்ளி வெளிய கொட்டிப் புது உமி போட்டாச்சு. பல்பு கூட்டிக் கட்டியாச்சு. டாக்டர் வந்து சொட்டு மருந்து குடுத்தார். நாங்க மூணு பேரும் தரையில உட்கார்ந்து கண்ணு ஒட்டின குஞ்சை ஒவ்வொண்ணா எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சு நனைச்சுக் கண்ணைத் துடைச்சோம். செத்தது கூடையில. நிறையன்னும் சொல்ல முடியாது, கொஞ்சம்னும் சொல்ல முடியாது. பிழைச்சதுக்குக் கண்ணு தெரியுமான்னு பத்து நாள்ல தெரியும்னார் டாக்டர்.

குழந்தைவேல் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. திட்டித் தொலைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மத்தியானம் போன்ல மச்சான்கிட்டப் பேசிக்கிட்டிருந்தார். “வண்டி பொங்கல் கழிச்சுத்தானுங்களே கெளம்புது? சொல்றனுங்.”

மூக்கும் வேண்டாம், பண்ணையும் வேண்டாம்னு போயிருவார். போறதுக்கு நான்தான் காரணமாவேன்.

ஜனவரி 2, வெள்ளி

அம்பிகாபதி சார் போன். “அஞ்சும் ஒண்ணா சாகாதும்மா. ஏதோ ஆவி பட்டிருக்கு. சிலிக்கோன் ஏதாவது அங்க இருக்கா? ஜன்னலுக்கு அடைக்கிற பசை, மெஷினுக்குப் போடுற ஸ்பிரே? அது பட்டா ஊசி மேல கண்ணாடி மாதிரி படிஞ்சிரும். அப்புறம் எந்த வாயுவும் உள்ள போகாது.”

“இது கோழிக் கொட்டகை சார். சிலிக்கோனுக்கு இங்க என்ன சோலி? உமி, தண்ணி, தீவனம், இவ்வளவுதான்.”

“அப்ப ரிப்போர்ட்ல காரணம் தெரியலைன்னு போட்ரு.”

ஜனவரி 3, சனி

குளிச்சிட்டு வந்து தலை துவட்டினேன். சீரம் பாட்டிலை எடுத்தேன். பின்பக்கம் பொடி எழுத்துல என்னென்ன கலந்திருக்குன்னு போட்டிருக்கும்ல, அதை எதுக்குப் படிச்சேன்னு தெரியலை. சும்மா கண்ணு போச்சு.

முதல் பேரே சைக்ளோபென்டாசிலாக்சேன். அதுதான் சிலிக்கோன். சாதாரண சூட்டுல ஆவியாகிறது.

பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே கட்டில்ல உட்கார்ந்துட்டேன். தினம் காலையில முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு அஞ்சு மூக்கு மேலயும் குனிஞ்சேன். ஆறாவதுக்கு மட்டும் நான் ஏறலை. பி.எச்.டி. வாங்கியிருக்கேன் இந்த சனியனைப் பத்தி! கோரைக்காடு மொத்தமும் கண்ணாடிக்குள்ள போயிருச்சு. என் தலையில இருந்து இறங்கினதுதான் எல்லாம்.

கண்ணு கலங்கினதும், தலை சுத்தினதும், பசிக்காததும் எல்லாமே அம்மோனியாதானா? நான் என்னவெல்லாம் நினைச்சேன். வெக்கமா இருக்கு.

ஆனா இப்ப இங்க ஜன்னல் திறந்திருக்கு. சுத்தமான காத்து. அவரை நினைச்சா இப்பவும் அப்படித்தான் இருக்கு. ஆசைதான். எழுதிட்டேன், போ.

ஜனவரி 4, ஞாயிறு

மூணு தடவை சீயக்காய் போட்டுத் தலை குளிச்சேன்.

ஜனவரி 6, செவ்வாய்

காரணம் தெரியலைன்னு எழுதிட்டு கோயம்புத்தூர் பஸ் ஏறியிருக்கலாம். சாரே சொல்லிட்டார். ஆனா அப்படி எழுதினா குழந்தைவேல் என்ன நினைப்பார்? இந்த மெஷின் எப்போ வேணா காலை வாரும்னு நினைப்பார். பூட்டிட்டு ரிக் வண்டியில ஏறுவார். உண்மையைச் சொன்னா மெஷின் மேல பழி இல்லை. ஆனா என் மானம் போகும். காலையில பஸ்ல வர்ற வழியெல்லாம் இதேதான். பனி வேற, ஜன்னலுக்கு வெளிய உலகமே அழிஞ்சு போயிருந்தது.

தண்ணித் தொட்டிகிட்ட வாளி நிரப்பிக்கிட்டிருந்தார். நின்னேன். சொல்லிட்டேன்.

“மூக்கு நல்ல மூக்குதான். கெடுத்தது நான். தலைக்கு ஒரு சீரம் போட்டேன், அந்த ஆவி பட்டுச் செத்திருச்சு. நீங்க துடைச்சதுதான் ஒழுங்கா இருந்துச்சு. அதைப்போய் கழட்டச் சொன்னேன்.”

அவர் பைப்பை மூடலை. “கோழிக் கொட்டகைக்கு எதுக்குங் அதெல்லாம்?”

“கோழி பாக்கவா போட்டேன்? மனுஷர் பாக்கணும்னு போட்டேன்.”

“எந்த மனுசருங்?”

“இந்தக் கொட்டகையில எத்தனை மனுஷர் இருக்கீங்க?”ன்னேன். கோவமாத்தான் வந்தது. இதுக்கு மேல எப்படிச் சொல்லச் சொல்றார்?

வாளி நிரம்பி அவர் காலை நனைச்சு வாய்க்கால்ல ஓடுது. அப்புறம் பைப்பை மூடினார். “குஞ்சுக்குத் தண்ணி வெக்கோணும்”னு போயிட்டார்.

ஜனவரி 7, புதன்

லேப்ல இருந்து புது மூக்கு அஞ்சும் பஸ் பார்சல்ல வந்திருக்கு. ரிப்போர்ட்ல காரணத்தை எழுதிட்டேன். சார் போன்ல சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஆறாவதைப் பழையபடி விட்டத்துல கட்ட குழந்தைவேல் ஏறினார், ஏணியை நான் புடிச்சுக்கிட்டேன். தலையில தேங்காயெண்ணெய், இறுக்கிப் பின்னல். பாவாயி அக்கா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. அதிசயமா அவ வாயைத் திறக்கலை.

ஜனவரி 10, சனி

டாக்டர் வந்து கையில கிடைச்ச குஞ்சையெல்லாம் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்தார். பெரும்பாலானதுக்குக் கண்ணு தெளிஞ்சிருச்சு. விரலை ஆட்டினா தலையைத் திருப்புதுங்க. படுதா பாதி மேல, பாதி கீழ. அளவு ஏழு, எட்டு, ஏழு. ஆறாவதும் எட்டு. வெயில் வந்து பனி கலையக் கலைய மலை அடியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்தது.

டாக்டரை வண்டி வரைக்கும் விட்டுட்டு வந்தவர் நேரா என் மேசைக்கு வந்தார். துண்டைக் கழுத்துல இருந்து எடுத்துக் கையில வச்சுக்கிட்டார். கை ரெண்டையும் அதுக்குள்ள மறைச்சுக்கிட்டு நின்னார்.

“மச்சானுக்கு வரலீன்னு சொல்லிப்போட்டனுங்.”

“ம்.”

“உங்க பேரு உலகம்மைதானுங்களே?”

ஒரு மாசமா மேடம், மேடம்னவர். “ஆமா”ன்னேன்.

துண்டைப் பிரிச்சார். வாழைநார்ல கட்டின டிசம்பர் பூ. ஊதா நிறம். கட்டினது பாவாயி அக்கா இல்லை, நிச்சயம் இல்லை. முடிச்சு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

“மல்லி வெக்கலாம்னு பாத்தனுங். வாசம் பட்டு மூக்குக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். இது வேலியோரம் பூத்ததுங். நல்லா மோந்து பாத்துட்டேன், வாசமே இல்லைங். இது வெச்சா ஆகுமுங்களா?”

“ஆகும்”னு சொன்னேன். வாங்கித் தலையில வச்சுக்கிட்டேன்.